ஓடுதளம் இல்லாத ஊர்: கீரப்பாளையமும் விவசாய விமானமும்

 வழக்கமா இந்த நிகழ்ச்சியில ஒரு ஊர்ல இருக்கிற ஒண்ணோட வரலாறைப் பேசுவோம். இன்னைக்குக் கொஞ்சம் மாத்தி, ஒரு ஊர்ல இல்லாத ஒண்ணோட வரலாறு.

ஊர் கீரப்பாளையம். சிதம்பரத்திலிருந்து புவனகிரி போகிற பஸ்ஸில் ஏறினால் வழியில் வரும். கடலூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். கொள்ளிடத் தண்ணீர் கீழணையில் பிரிந்து, வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு வந்து, அங்கிருந்து வாய்க்கால் வாய்க்காலாகப் பாய்கிற டெல்டாக் கடைமடைப் பகுதி இது. சம்பா நெல், அது முடிந்ததும் உளுந்து, பச்சைப்பயறு.

இங்கே இல்லாதது, விவசாயத்துக்கான ஒரு சின்ன விமான ஓடுதளம்.

"நெல் விளையற ஊருக்கு எதுக்குங்க ஓடுதளம்?"னு உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனா உலகத்துல பல இடங்கள்ல நெல் வயலுக்கும் விமானத்துக்கும் கிட்டத்தட்ட நூறு வருஷ உறவு இருக்கு. அந்த உறவு நம்ம பக்கம் ஏன் வரலை? வராதது நல்லதா கெட்டதா? இப்போ வயலுக்கு மேல டிரோன் பறக்கிற நேரத்துல இது சும்மா பழங்கதை இல்லை.

போருக்கு ஒன்று, நிலக்கரிக்கு ஒன்று

முதல்ல ஒரு விஷயம். இந்த வட்டாரத்துக்கு விமானமே தெரியாதுன்னு நினைச்சுடாதீங்க. கீரப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரத்திலேயே இரண்டு ஓடுதளங்கள் உண்டு.

ஒன்று உளுந்தூர்பேட்டை. இரண்டாம் உலகப் போர் சமயத்தில், ஜப்பானியப் படை பர்மா வரைக்கும் வந்துவிட்ட நிலையில், பிரிட்டிஷ் அரசு தென்னிந்தியாவில் வரிசையாக விமானத் தளங்கள் போட்டது. சூலூர், சோழவரம், கயத்தாறு, உளுந்தூர்பேட்டை எல்லாம் அந்தக் காலத்துப் பெயர்கள். போர் முடிந்தது, படை போனது. உளுந்தூர்பேட்டையில் ஓடுதளம் மட்டும் கிடக்கிறது.

இன்னொன்று நெய்வேலி. 1956இல் தொடங்கிய பழுப்பு நிலக்கரி நிறுவனத்துக்காக வந்த ஓடுதளம். 2017இல் மத்திய அரசு சின்ன ஊர்களை இணைக்க 'உடான்' திட்டத்தின் முதல் பட்டியலை வெளியிட்டபோது அதில் நெய்வேலியும் இருந்தது.

ஆக, இந்த மண்ணுக்கு விமானம் போருக்காக வந்தது, நிலக்கரிக்காக வந்தது. இங்கே பெரும்பாலானவர்கள் செய்கிற தொழிலுக்காக வரவில்லை.

விவசாய விமானம் பிறந்த கதை

அப்படியானால் விவசாயத்துக்காக விமானம் எங்கே வந்தது?

1921 ஆகஸ்ட் 3. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலம், டிராய் என்ற ஊர். அங்கே கட்டால்பா மரத்தோப்பு ஒன்றைப் புழுக்கள் மொட்டையடித்துக்கொண்டிருந்தன. ஜான் மெக்ரெடி என்ற ராணுவ விமானி, முதல் உலகப் போர்க் காலத்துப் பயிற்சி விமானம் ஒன்றின் பக்கவாட்டில் தகரப் பெட்டியைக் கட்டி, அதிலிருந்து ஈய ஆர்சனேட் தூளைத் தோப்பின் மேல் தூவினார். சுமார் 6 ஏக்கர் தோப்பு. மருந்து விழுந்த நேரத்தை மட்டும் கூட்டினால் ஒரு நிமிஷம்கூட இல்லை.

இது செய்தியானதும் தெற்கிலிருந்த பருத்தி விவசாயிகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பருத்திக் காயைத் துளைக்கிற கூன்வண்டு அவர்களை அழித்துக்கொண்டிருந்த காலம் அது. 1925இல் ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில் 'ஹஃப் டாலண்ட் டஸ்டர்ஸ்' என்று ஒரு நிறுவனம் தொடங்கியது. பருத்தி வயலுக்கு விமானத்தில் மருந்து தூவுவதே அதன் தொழில். அதே வருஷம் லூசியானாவின் மன்ரோவுக்கு இடம் மாறியது. 1928இல் கை மாறியபோது, மிசிசிப்பி டெல்டாவை நினைத்துப் புதுப் பெயர் வைத்தார்கள். 1929 ஜூனில் பயணிகளை ஏற்றத் தொடங்கியது.

அந்தப் பெயர் டெல்டா. ஆமாங்க, இன்னைக்கு உலகத்தோட மிகப் பெரிய விமான நிறுவனங்கள்ல ஒண்ணான அதே டெல்டா ஏர்லைன்ஸ்தான். அதை வளர்த்தவர் சி. இ. உல்மன். விவசாய விரிவாக்கப் பணியில் இருந்தவர். நம்ம ஊர் கணக்குல சொன்னா, வேளாண் அலுவலர் மாதிரி ஒருத்தர்.

அதே 1929 வாக்கில் கலிஃபோர்னியாவில் இன்னொன்று நடந்தது. சாக்ரமென்டோ பள்ளத்தாக்கில் நெல் விதையை ஊறவைத்து, தண்ணீர் கட்டிய வயலில் விமானத்திலிருந்தே விதைக்க ஆரம்பித்தார்கள். நாற்றங்கால் கிடையாது. நாற்றுப் பறிப்பு கிடையாது. நடவு கிடையாது. இன்றுவரை அங்கே பெரும்பாலான நெல் இப்படித்தான் விதைக்கப்படுகிறது. நம்ம சேற்று விதைப்பை வானத்திலிருந்து செய்யறாங்கன்னு வெச்சுக்கலாம்.

ஆனால் 'கிராமத்து ஓடுதளம்' என்ற சொல்லுக்கு முழு அர்த்தம் கொடுத்த நாடு நியூசிலாந்து. அங்கே ஆட்டுப் பண்ணைகள் எல்லாம் செங்குத்தான மலைச்சரிவுகளில். டிராக்டர் ஏறாது. மண்ணிலோ சத்து இல்லை. போர் முடிந்து வீடு திரும்பிய விமானிகள் நிறையப் பேர் இருந்தார்கள். 1949இலிருந்து விமானத்தில் சூப்பர் பாஸ்பேட் உரம் தூவுவது தொழிலாகவே ஆகிவிட்டது. பண்ணைக்குப் பண்ணை ஓடுதளம் வந்தது.

ஓடுதளம்னதும் கான்கிரீட்டைக் கற்பனை பண்ணாதீங்க. மலை முகட்டில் ஒரு புல்தரை. ஓரத்தில் உரம் கொட்டிவைக்க ஒரு கொட்டகை. உரத்தை அள்ளி விமானத்தில் போட ஒரு வண்டி. அவ்வளவுதான். விமானம் மேட்டைப் பார்த்து இறங்கும், பள்ளத்தைப் பார்த்துக் கிளம்பும். சரிவே பாதி பிரேக், பாதி ஆக்சிலரேட்டர். சில நிமிஷத்தில் உரத்தைக் கொட்டிவிட்டு மறுபடி வந்து நிற்கும். இப்படி ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை.

இதைக் கொஞ்சம் கவனிங்க. விவசாய விமானத்துக்கு ஓடுதளம் பயணம் போற இடம் இல்லை. மருந்தோ உரமோ நிரப்புற இடம். அதனால அது வயல் பக்கத்துலயே இருந்தாகணும். தூரத்துல இருந்தா காலி டேங்கோட பறக்கிற நேரம்தான் மிச்சம்.

பசந்த் என்ற விமானம்

இந்தியாவும் இதை யோசிக்காமல் இல்லை. 1960களின் உணவுப் பஞ்சம், அதன் பிறகு ஐ.ஆர்.8 போன்ற குட்டை ரக நெல், நிறைய உரம், அதோடு சேர்ந்து வந்த பூச்சிகள். மத்திய வேளாண் அமைச்சகத்துக்குக் கீழே வேளாண் விமானங்களுக்கென்றே ஓர் இயக்குநரகம் இருந்தது. பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் இதற்காகவே ஒரு விமானத்தை வடிவமைத்தது. பெயர் ஹெச்.ஏ. 31 பசந்த். ஒரே இருக்கை, 400 குதிரைத்திறன் இன்ஜின். திருத்திய வடிவம் 1972 மார்ச் 30இல் பறந்தது.

பெயரே அழகு இல்லையா? பசந்த் என்றால் வசந்தம். போர் விமானம் செய்கிற தொழிற்சாலை, உழவனுக்காக ஒரு விமானம் செய்தது.

மொத்தம் எத்தனை செய்தார்கள் தெரியுமா? 39. 1980இல் தயாரிப்பு நின்றுபோனது.

ஏன்? இங்கேதான் கீரப்பாளையத்துக்குத் திரும்பி வரணும்.

ஒன்றரை விநாடி வயல்

நான் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன். எதையும் முதல்ல ஒரு சின்னக் கணக்காப் போட்டுப் பார்க்கிறது பழக்கம். போடுவோம் வாங்க.

தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம், 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி, 0.75 ஹெக்டேர். ஏக்கரில் சொன்னால் இரண்டுக்கும் கீழே. அதுவும் ஒரே துண்டாக இருக்கும் என்று நிச்சயம் இல்லை. சரி, ஒரு ஏக்கர் சதுரத் துண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் சுமார் 64 மீட்டர். மருந்து தெளிக்கிற விமானம் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் போனால் விநாடிக்கு 44 மீட்டர்.

அதாவது அந்த வயலை அது ஒன்றரை விநாடியில் தாண்டிவிடும்.

விமானி குழாயைத் திறந்து மூடுறதுக்குள்ள பக்கத்து வயல் வந்துடும். திரும்பி அடுத்த வரிசைக்கு வர அரை நிமிஷமாவது ஆகும். ஒன்றரை விநாடி வேலைக்கு அரை நிமிஷப் பயணம். எந்தக் கணக்குலயும் கட்டாது.

"சரி, ஊர் மொத்தத்துக்கும் சேர்த்து அடிச்சா?" நல்ல கேள்வி. ஆனா பக்கத்துப் பக்கத்து வயலைப் பாருங்க. ஒருத்தர் நீண்டகால ரகம் போட்டிருப்பார், கதிர் வந்திருக்காது. அடுத்தவர் வயல் பூத்திருக்கும். இன்னொருத்தர் அறுவடைக்கு முன்னாடியே உளுந்து தெளிச்சிருப்பார். ஓரத்தில் வாத்து மேயும். நடுவில் ஓடுகிற வாய்க்காலில் மீன் இருக்கும், மாடு தண்ணீர் குடிக்கும், ஆளும் குளிப்பாங்க. மேலே வீராணம். சுமார் 45,000 ஏக்கருக்குப் பாசனம் தருகிற ஏரி. 2004இலிருந்து சென்னைக்குக் குடிதண்ணீரும் அங்கிருந்து போகிறது. இந்த எபிசோடைச் சென்னையில உட்கார்ந்து கேட்கிறீங்கன்னா, உங்க வீட்டுக் குழாயில வர்ற தண்ணியும் இதுல சேர்த்தி.

கலிஃபோர்னியாவின் நெல் வயலில் இப்படி ஒன்று கிடையாது. அங்கே வயல் பெரிசு, சொந்தக்காரர் ஒருத்தர், ஒரே பயிர், ஒரே வயசு. விமானத்துக்கு ஏற்ற மாதிரி நிலம் இருந்தது. நம் நிலம் வேறு மாதிரி. ஆயிரம் வருஷமாகத் தண்ணீரைப் பங்கு போட்டுக்கொண்ட நிலம் சின்னச் சின்னத் துண்டாகத்தான் இருக்கும். அதை 'பின்தங்கிய நிலை' என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. அது வேறு கணக்கில் போட்ட வடிவமைப்பு.

2020இல் தமிழ்நாடு அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்தபோது, கடலூர் மாவட்டத்தில் ஐந்து ஒன்றியங்களைச் சேர்த்தது. காட்டுமன்னார்கோவில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி. இந்த வடிவமைப்பு அப்படியே இருக்கட்டும் என்று சட்டமே சொன்ன மாதிரி.

வந்த இடத்தில் என்ன ஆனது

விமானத்துக்கு ஏற்ற நிலம் நம் பக்கத்து மாநிலத்தில் இருந்தது. கேரளாவின் காசர்கோடு.

அங்கே அரசுக்குச் சொந்தமான கேரளத் தோட்டக் கழகத்துக்கு 4,000 ஹெக்டேருக்கும் மேல் முந்திரித் தோட்டம். ஒரே உரிமையாளர், ஒரே பயிர். 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரைக்கும் ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். முந்திரியில் தேயிலைக் கொசு என்ற பூச்சிக்காக.

தோட்டம் ஒருத்தருடையது. ஆனால் காற்று ஒருத்தருடையது இல்லையே. தோட்டங்களுக்கு நடுவிலும் கீழேயும் வீடுகள், பள்ளிக்கூடங்கள், கிணறுகள், ஓடைகள். அங்கே குழந்தைகளுக்கு வளர்ச்சிக் குறைபாடுகள், நரம்புக் கோளாறுகள் வருவதை முதலில் கவனித்தவர்கள் உள்ளூர் ஆட்கள். என்மகஜே பகுதியில் மருத்துவர் மோகன் குமார் தன் நோயாளிகளைப் பற்றி எழுத ஆரம்பித்தார். வேளாண் துறையில் வேலை பார்த்த லீலாகுமாரி அம்மா நீதிமன்றத்துக்குப் போனார். 2011இல் உச்ச நீதிமன்றம் எண்டோசல்ஃபானுக்கு நாடு முழுக்கத் தடை விதித்தது. 2017 ஜனவரியில், பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் தரச் சொல்லிக் கேரள அரசுக்கு உத்தரவிட்டது.

இதுல எனக்கு ரொம்ப உறுத்தற விஷயம் ஒண்ணு சொல்றேன். விதி இல்லாம இது நடக்கலை. விதி இருந்தது.

1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளில் 43ஆவது விதி வானிலிருந்து தெளிப்பதைப் பற்றியது. தெளிக்கிற இடத்தை அடையாளம் வைக்க வேண்டும். அனுமதித்த மருந்து, அனுமதித்த அளவு, அனுமதித்த உயரம். குறைந்தது 24 மணி நேரம் முன்னாடி ஊருக்குச் சொல்ல வேண்டும். சம்பந்தமில்லாத ஆளும் மாடும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கழுவுவதற்கும் முதலுதவிக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும். அந்த மருந்து உடம்பில் என்ன செய்யும் என்பது உட்பட விமானிக்குப் பயிற்சி வேண்டும்.

1971ல எழுதினது. இன்னைக்குப் படிச்சாலும் நல்ல விதிதான். எழுதி வெச்ச விதி யாரையும் தானாகக் காப்பாத்தாதுன்னு காசர்கோடு சொல்லுது. யாராவது போய், "நேத்தே ஏன் சொல்லலை?"னு கேட்டாத்தான் அதுக்கு உயிர்.

வரப்பே ஓடுதளம்

இப்போ நிகழ்காலம்.

2021 ஆகஸ்டில் டிரோன் விதிகள் வந்தன. அதே வருஷம் டிசம்பரில் டிரோனில் மருந்து தெளிப்பதற்கான வழிகாட்டு நெறிமுறையை வேளாண் அமைச்சகம் வெளியிட்டது. 24 மணி நேர முன்னறிவிப்பு உட்பட, பழைய 43ஆவது விதியின் சாரம் அதில் இருக்கிறது. 2023இல் நமோ டிரோன் தீதி திட்டம். நாடு முழுக்க 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு டிரோன், விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம்.

பசந்த் விமானத்தால் முடியாதது டிரோனால் முடிகிறது. அதுக்கு ஒன்றரை விநாடிப் பிரச்சினை கிடையாது. வயல் மேலேயே நிக்கும், மூலையில திரும்பும், வரப்பு வந்தா நின்னுடும். ஒரு ஏக்கரைப் பத்து நிமிஷத்துக்குள்ள முடிச்சுடும். வரப்பில் ஒரு தார்ப்பாயை விரிச்சா அதுதான் ஓடுதளம்.

இதை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன். முதுகில் 16 லிட்டர் டேங்கைக் கட்டிக்கிட்டு, சேத்துல நடந்து, ஏக்கருக்குப் பன்னிரண்டு டேங்க் அடிக்கிறது எவ்வளவு பெரிய வேலைன்னு அடிச்சவங்களுக்குத்தான் தெரியும். அந்த ஈரம் முதுகுல இறங்கும். காத்து திரும்பினா மூக்குக்குள்ள போகும். அந்த உடம்பை மருந்திலிருந்து தள்ளி நிறுத்துறது டிரோன் செய்யற நிஜமான நல்லது. நாம பூச்சிக்கொல்லியை 'மருந்து'ன்னே சொல்லிப் பழகினதால அது விஷம்ங்கறது அடிக்கடி மறந்துபோகுது, அவ்வளவுதான்.

ஆனா ஒரு கணக்கு பாக்கி இருக்கு. கையால் அடிக்கும்போது ஏக்கருக்குச் சுமார் 200 லிட்டர் தண்ணீர். டிரோனில் சுமார் 10 லிட்டர். மருந்தின் அளவு அதேதான் என்றால், டிரோன் டேங்கில் இருக்கிறது 20 மடங்கு அடர்த்தி. துளியும் சின்னது, காத்துல நகரும்.

வேலை முடிந்ததும் அந்த டேங்கை எங்கே கழுவுவார்கள்?

இங்கேதான் ஓடுதளம் இல்லாததோட அர்த்தம் எனக்குப் புரியுது. ஓடுதளம்னா இறங்குற இடம் மட்டும் இல்லை. இங்கேதான் நிரப்பணும், இங்கேதான் கழுவணும், இந்த ஆள்தான் பொறுப்பு, இந்த நோட்டுல எழுதணும்னு காட்ட ஒரு இடம். ஏதாவது தப்பு நடந்தா ஊர் போய் நின்னு கேள்வி கேட்க ஒரு வாசல். டிரோனுக்கு அந்த வாசல் இல்லை. வண்டியில வரும், வரப்புல கிளம்பும், அடுத்த ஊருக்குப் போயிடும். கழுவின தண்ணி பக்கத்து வாய்க்காலுக்குப் போனா, அது அங்கேயே நிக்காது. கடைமடையில வாய்க்கால் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்ததுதான்.

இன்னொரு கேள்வியும் இருக்கு. டேங்க் தூக்கினவருக்கு அந்த நாள் கூலி போச்சு. அவர் உடம்பு தப்பிச்சது, வருமானம் தப்பிக்கலை. டிரோனைச் சுய உதவிக் குழுவுக்குக் கொடுக்கிறது இதுக்கு ஒரு பாதிப் பதில். அந்தக் குழுவில் நிலமில்லாத வீடுகள் எத்தனை என்பதைப் பொறுத்துத்தான் மீதிப் பதில்.

ஆக, இந்த ஊருக்கு ஓடுதளம் வராதது நஷ்டம்னு நான் நினைக்கலை. விமானத்துக்காக நிலத்தை மாத்தாம, நிலத்துக்கு ஏத்த மாதிரி இயந்திரம் சின்னதாகிற வரைக்கும் அது காத்திருந்தது. ஆனா ஓடுதளத்தோட கூட வந்திருக்க வேண்டிய பொறுப்பும் சேர்ந்து காணாமப் போயிடக் கூடாது.

அதுக்குப் பெரிய போராட்டம் எல்லாம் வேண்டாம். தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊரில் டிரோன் பறக்கிறது என்றால் அங்கே மூணு விஷயம் கேட்கலாம். தெளிக்கிறதுக்கு முதல் நாள் ஊருக்கு யார் சொல்றாங்க, வாட்ஸ்அப் குழுவிலாவது? எந்த வயலுக்கு எந்த மருந்து, எவ்வளவுன்னு எழுதற நோட்டு யார்கிட்ட இருக்கு? வாய்க்காலுக்குத் தள்ளி, டேங்க் கழுவ ஒரு இடம் ஊர்ல குறிச்சிருக்காங்களா?

நகரத்துல இருந்து இதைக் கேட்கிற பல பேருக்கு ஊர்ல இன்னும் நிலம் இருக்கும். இல்லைன்னா பெரியப்பாவோ சித்தப்பாவோ இருப்பாங்க. ஊருக்குப் போன் பண்ணும்போது "மழை வந்துச்சா?"னு கேட்கிறோம் இல்லையா, அதோட சேர்த்து, "டிரோன் டேங்கை எங்க கழுவறாங்க?"னும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க. என்ன பதில் வந்ததுன்னு எனக்கு எழுதுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.